இரண்டு குழாய்களும் சேர்ந்து திறந்தால்

செவல்குண்டு என்கிற ஊரில், பதினோரு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற பட்டறைத் தெருவில், குரூப் நாலு தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கணக்கில் கோட்டைவிட்ட சண்முகக்கனி என்று ஒருத்தி இருந்தாள். வயது முப்பத்தொன்று. கணவன் சீனிராஜ் நான்கு வருஷமாக மும்பையில் ஒரு முறுக்குக் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு அரசாங்க வேலை கிடைத்த மறுநாளே ரயிலேறிவிடுவதாகச் சொல்லியிருந்தான். கனிக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. வந்தது, ஆனால் தன் பாட்டுக்கு மெதுவாக வந்தது. 'கொடுக்கப்பட்டது' என்று எழுதி அடியில் கோடு போட்டு, 'தீர்வு' என்று எழுதி அதற்கும் கோடு போட்டு, ஒவ்வொரு வரியையும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போவாள். இருநூறு கேள்வியில் கணக்கு இருபத்தைந்து. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மிச்சம் வைப்பாள், ஒன்பதாவது கணக்கில் இருக்கும்போது மணி அடித்துவிடும்.

நான்காவது தடவைக்காகப் படித்துக்கொண்டிருந்த பங்குனி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, அடுப்படித் தரையில் தேர்வுக் கைடை விரித்து வைத்து அவள் ஒரு கணக்குப் போட்டாள். ஒரு குழாய் ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டு குழாய்களும் சேர்ந்து திறந்தால் தொட்டி எப்போது நிறையும்? ஒரு மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்தால் நாலில் ஒரு பங்கு, ஆகவே நான்கு மணி நேரம் என்று எழுதி அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள். அவள் கட்டத்தை மூடிய அதே நேரம், தெருமுனையில் எட்டு நாளாகக் காய்ந்து கிடந்த மேல்நிலைத் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

மோட்டார் அறையில் துண்டை விரித்துப் படுத்திருந்த ரசூல் பாய் எழுந்து பார்த்தார். மோட்டார் ஓடவில்லை, கரண்டும் இல்லை. ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்த்தபோது, எந்தக் குழாயும் இல்லாத இடத்திலிருந்து இரண்டு தண்ணீர்க் கம்பிகள், ஒன்று தடிமனாக, இன்னொன்று அதில் பாதியாக, அடக்கமாக விழுந்துகொண்டிருந்தன. கையை நீட்டி நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். நல்ல தண்ணீர். இறங்கி வந்து, மாலை ஏழு மணிக்குத் தொட்டி நிறைகிறவரை காத்திருந்து, வால்வைத் திறந்துவிட்டு, நோட்டில் 'தொட்டி நிறைந்தது, மோட்டார் ஓடவில்லை' என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கனி இன்னொரு தொட்டிக் கணக்குப் போட்டாள், நான்கு மணி நேரமும் ஆறு மணி நேரமும். அதற்கடுத்த நாள் காலையில் கோட்டையம்மாளின் இட்லிக் கடையில் ரசூல் பாய் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முந்தாநாள் சரியா நாலு மணி நேரத்துல நெறஞ்சுது. நேத்து ரெண்டு மணி இருபத்தி நாலு நிமிஷம். கடிகாரத்தை வச்சுப் பாத்தேன், ஒரு நிமிஷம் கூடல, கொறையல."

தூக்குவாளியில் சாம்பார் வாங்கிக்கொண்டு நின்ற கனிக்குக் காது சூடானது. "பாய், அது என்னோட விடை," என்றாள்.

"எது?"

"நாலு மணி நேரம். ரெண்டு மணி இருபத்தி நாலு நிமிஷம். ரெண்டும் நான் போட்ட கணக்கு."

கோட்டையம்மாள் இட்லிக் கொப்பரையை மூடிவிட்டு அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நீ காலையில ஆறு மணிக்குப் போடு தாயி. மத்தியானம் போட்டா நாங்க எப்பப் புடிக்க, எப்பச் சமைக்க?" என்றாள்.

அவ்வளவுதான், தெரு அதை அப்படி எடுத்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு வீட்டிலும் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள், வீட்டுக்கு எத்தனை குடம் என்று கேட்டார்கள், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்க இரண்டு கணக்குப் போட முடியுமா என்று கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அதன் நெளிவு சுளிவெல்லாம் தெருவுக்கு அத்துப்படியாகிவிட்டது. போட்ட கணக்கையே திரும்பப் போட்டால் தண்ணீர் வராது. வேறு யார் போட்டாலும் வராது. விடை தப்பாக இருந்தாலும் வராது. அவளும் ஒவ்வொரு வரியாக நிதானமாகப் போட்டால்தான் தெளிந்து வரும், அவசரப்பட்டால் கலங்கி வரும். கைடில் இருந்த கணக்கு தீர்ந்ததும் பெண்களே கணக்குக் கட்டிக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்கள்கூட, மருமகள் வயதையும் மகன் வயதையும் எடுத்து, "ஒரு குழா இருவத்தாறு மணி நேரம், ஒரு குழா இருவத்தொம்பது மணி நேரம், போடு கனி," என்று சொல்லிவிட்டு, அவள் போடுகிறவரை வாசலில் உட்கார்ந்து அவளுக்காக உளுந்து களைந்து கொடுத்தார்கள், அவள் மகள் இனியாவுக்குத் தலை வாரிவிட்டார்கள். ஒருநாள் அவள் கவனிக்காமல், ஒரு குழாய் நிரப்ப ஒரு குழாய் காலியாக்குகிற கணக்கைப் போட்டுவிட்டாள். தொட்டியில் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அடுத்த வீட்டுத் தவமணி சோற்றுப் பருக்கையோடும் பழைய காலண்டர் தாளோடும் வந்து, கைடில் ஓட்டைக் கணக்கு இருந்த பக்கங்களையெல்லாம் மூடி ஒட்டிவிட்டுப் போனாள்.

கனி படித்த பயிற்சி மையம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. கணக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபக்குமார் அவளைவிட ஐந்து வயது இளையவன், கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சைத் தொங்கவிட்டிருப்பான், முகூர்த்த நாளில் கீழே கெட்டிமேளம் கொட்டும்போதுதான் மாதிரித் தேர்வு வைப்பான், அந்தச் சத்தத்தில் போடுகிறவன்தான் எங்கேயும் போடுவான் என்பான். தண்ணீர் விஷயத்தைக் கனி சொன்னபோது அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

"வரட்டும்க்கா, நல்லதுதானே. ஆனா நீங்க ஒரு தொட்டிக் கணக்குக்கு பதினோரு நிமிஷம் எடுக்குறீங்க. அங்க இருக்குறது நாப்பது செகண்டு."

"மெதுவாப் போட்டாத்தான் சார் தெளிஞ்சு வருது."

"பரீட்சையில தெளிஞ்சு வந்தா யாருக்கு வேணும்? வட்டம் கறுப்பானாப் போதும்," என்று சொல்லிவிட்டு, அவளுக்கென்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தான். கணக்கைக் கடைசிக்கு வைக்கக் கூடாது, முதல் முப்பத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும். மூன்று சுற்று. பார்த்ததும் தெரிகிறதை முதல் சுற்றில், யோசிக்க வேண்டியதை இரண்டாவதில், பயமுறுத்துகிறதை மூன்றாவதில். எந்தக் கணக்கிலும் ஒன்றரை நிமிஷத்துக்குமேல் நிற்கக் கூடாது. தினமும் இருபது கணக்கு, கடிகாரத்தோடு.

கனி சொன்னபடி செய்தாள். செய்யச் செய்ய வேகம் வந்தது. ஒன்பது கணக்கு பதின்மூன்றானது, சித்திரை பாதியில் பதினேழானது. விகிதம், வயது, சதவீதம் எல்லாம் விரலுக்கு வந்தன, பார்த்த மாத்திரத்தில் பாதி விடை தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வேகம் தொட்டிக் கணக்குக்கும் வந்துவிட்டது. தவமணி இரண்டு எண்களைச் சொல்லி வாய் மூடுவதற்குள் விடை இவள் தலைக்குள் வந்து நின்றது. அதற்குப் பிறகு எத்தனை கோடு போட்டு, எத்தனை வரி எழுதி என்ன? தண்ணீருக்குத் தெரிந்தது. முதலில் லேசாகச் செம்மை தட்டியது, பிறகு காப்பி நிறத்துக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில் அவள் முப்பத்தெட்டு நிமிஷத்தில் இருபத்திரண்டு கணக்குப் போட்டு, ஜெபக்குமார் வகுப்பையே கைதட்ட வைத்த மறுநாள், தெருக்குழாயில் சேறும் நுரையுமாக ஒரே அடியாக வந்த தண்ணீர் கோட்டையம்மாள் வீட்டுக்கு எதிரே குழாய் இணைப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது.

தெருவில் எல்லாரும் குடத்தின் வாயில் வேட்டித் துணியைக் கட்டிக்கொண்டு பிடித்தார்கள், பிடித்துக்கொண்டே அவளைப் பார்த்தார்கள். திட்டினால் தேவலை என்று கனிக்கு இருந்தது.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். எண்களை ஒவ்வொன்றாகக் கையால் மறைத்துப் படித்தாள், இடது கையால் எழுதினாள், ஏழரை மணி நேரம், பதினொன்றே கால் மணி நேரம் என்று பின்னமாகச் சொல்லச் சொன்னாள். இரண்டு நாள் தெளிந்து வரும், மூன்றாம் நாள் அதுவும் பழகிப்போகும். காலையில் வேகத்தை மறக்க உட்கார்ந்தாள், சாயங்காலம் வேகத்தைக் கற்க மாடியேறினாள். நடக்கும்போது ஒரு கால் ஓடுகிற மாதிரியும் ஒரு கால் நிற்கிற மாதிரியும் இருந்தது. கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். தான் படிக்கிறோமா, படித்ததைக் கலைக்கிறோமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

போனில் சீனிராஜிடம் சொன்னாள். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தத்தோடு அவன் கேட்டான்: "இப்ப எத்தனை கணக்கு போடுற?"

"இருபத்திரண்டு."

"இருபத்தஞ்சும் போட்டா வேலை கெடச்சிருமா?"

"கெடைக்கலாம்."

"அப்பப் போடேன் கனி. எனக்கு இங்க கை ரெண்டும் வெந்துபோச்சு." சட்டியில் முறுக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஆமா, தண்ணி எல்லாரும் குடிக்கிறதுதானே. அதையும் எப்படிப்பா வேணாங்கிறது," என்றான். அவனுக்கும் விளங்கவில்லை.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் தெரு முழுக்க இட்லிக் கடை வாசலில் கூடியது. தேர்வுத் தாளில் தொட்டிக் கணக்கு ஒன்று கட்டாயம் இருக்கும், அதை அவள் வேகமாகப் போட்டால் இங்கே என்ன வருமோ என்பதுதான் பேச்சு. ஒரு கணக்குத்தானே, விட்டுவிடச் சொல்லலாம் என்றாள் தவமணி. ஒரு கணக்கில் ஆயிரம் பேர் முன்னால் போய்விடுவார்கள் என்று கனி மெதுவாகச் சொன்னாள். ஆயிரம் பேரா என்று இரண்டு மூன்று பேர் திரும்பக் கேட்டார்கள். பேச்சு அங்கும் இங்கும் இழுத்துக்கொண்டே போக, கோட்டையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசமா அவ கணக்குலதான் நான் இட்லி அவிக்கிறேன். அவ போடட்டும். சேறு வந்தா நாம வடிகட்டிக்குவோம். ஞாயித்துக்கிழமை ஒம்பதரை மணிக்கு எல்லாரும் துணியோட குழாயடியில நிக்கணும், அம்புட்டுத்தான்."

சனிக்கிழமை அவள் கடைசியாக ஒரு கணக்குப் போட்டுத் தொட்டியைத் தளும்ப நிறைத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, மணி அடித்ததும் கணக்குப் பக்கத்தைத் திறந்தாள். எல்லாம் ஜெபக்குமார் சொன்னபடி நடந்தது. பார்த்ததும் தெரிந்தவை பதினான்கு, யோசித்தவை எட்டு, பயமுறுத்தியவை மூன்றில் இரண்டு பயமுறுத்தாமலே முடிந்தன. சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி ஐந்து நிமிஷம் ஆனபோது மிச்சம் ஒன்றுதான். அதைப் படித்தாள். நிறைந்திருக்கும் ஒரு தொட்டி. நிரப்பும் குழாய் ஒன்று, தனியாகத் திறந்தால் பதினைந்து மணி நேரத்தில் நிரப்பும். காலியாக்கும் குழாய் ஒன்று, தனியாகத் திறந்தால் பத்து மணி நேரத்தில் காலியாக்கும். இரண்டு குழாய்களும் சேர்ந்து திறந்தால்?

தவமணி காலண்டர் தாளை ஒட்டி மூடிய இனம் அது. இரண்டு மாதமாக அதை அவள் தொடவில்லை, ஆனால் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. படித்து முடிக்கும்போதே முப்பது என்று தெரிந்துவிட்டது. முப்பது மணி நேரத்தில் தொட்டி காய்ந்துவிடும்.

கனி பேனாவைத் தூக்கிக்கொண்டாள். அந்த வட்டத்தை விட்டுவிட்டு மற்றப் பகுதிகளுக்குப் போனாள். தமிழையும் பொது அறிவையும் எழுதி முடித்தாள், முதல் தடவையாக நேரம் மிஞ்சியது. பன்னிரண்டு இருபத்திரண்டு ஆகியிருந்தது, எட்டு நிமிஷம் இருந்தது, இருநூறில் ஒரே ஒரு வட்டம் வெள்ளையாக இருந்தது. தப்பாக ஒன்றைக் கறுப்பாக்கினால் ஒன்றும் நடக்காது, தொட்டி அப்படியே இருக்கும். சரியானதைக் கறுப்பாக்கினால் ஐம்பத்திரண்டு வீடு. வடிகட்டத் துணியோடு நிற்கிறார்கள், வடிகட்ட ஒன்றுமே வராது. சீனிராஜின் கைகளை நினைத்தாள், கோட்டையம்மாளின் கொப்பரையை நினைத்தாள், நினைத்த எதுவும் இன்னொன்றைத் தள்ளிவிடவில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் அங்கேயே இருந்தன. கண்காணிப்பாளர் அம்மா பக்கத்தில் வந்து, "அஞ்சு நிமிஷம்தான்மா இருக்கு," என்றார். எதை முடிவு செய்தோம் என்று தெரியாமலே கனி முப்பதைக் கறுப்பாக்கினாள். ஆக்கிய பிறகு அழிக்கவும் முடியாது.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். பட்டறைத் தெருவில் எல்லாரும் ஈரமில்லாத துணிகளோடு தொட்டியடியில் நின்றார்கள்.

"எறங்குது கனி," என்றாள் கோட்டையம்மாள். "தொட்டியில தண்ணி தானா எறங்குது."

"நான்தான் அத்தை. ஓட்டைக் கணக்கு வந்துச்சு. போட்டுட்டேன்."

"ஒரு மார்க்குக்கு ஒரு தெருவையே காயப்போட்டுட்டியே!" என்று தவமணி கத்தினாள்.

"போடாம விட்டுறலாம்னுதான் கடைசி வரைக்கும் வச்சிருந்தேன். பன்னெண்டு இருபத்தஞ்சுக்குத்தான் போட்டேன்," என்றாள் கனி, அழுகை வந்துவிட்டது.

ரசூல் பாய் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "எத்தனை மணிக்குப் போட்டேன்னு சொன்ன?"

"பன்னெண்டு இருபத்தஞ்சு."

"இல்லம்மா. பத்து மணி அஞ்சு நிமிஷத்துல இருந்து எறங்குது. நான் மேலேயேதான் இருந்தேன்."

கனி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். படித்த உடனே தெரிந்ததே, அது போதுமாயிருந்திருக்கிறது. வட்டத்தை வெள்ளையாக விட்டிருந்தாலும் இறங்கியிருக்கும், தப்பாகப் போட்டிருந்தாலும் இறங்கியிருக்கும். இரண்டு மணி நேரம் அவள் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தது என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். தவமணி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு தன் துணியாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எம்புட்டு நேரம் தாங்கும்?" என்று கேட்டாள்.

"முப்பது மணி நேரம்."

"அப்ப நாளைக்குச் சாயங்காலம் நாலு அஞ்சு," என்று கோட்டையம்மாள் விரலை மடக்காமல் சொன்னாள், சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

குடம், அண்டா, டிரம், கல்யாணப் பாத்திரம், குழந்தைகளின் தண்ணீர் பாட்டில், இட்லிக் கொப்பரை, எல்லாவற்றையும் நிரப்பினார்கள். மண்டபத்திலிருந்து ஜெபக்குமார் ஆறு தவலைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். எவ்வளவு பிடித்தாலும் தொட்டி தன் கணக்குப்படியேதான் இறங்கியது, அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. திங்கட்கிழமை நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குத் தெருக்குழாய் ஒரு தடவை இருமியது, நின்றது. புதன்கிழமை கனி ஒரு புதுக் கணக்கை எழுதி, கட்டம் போட்டு, காத்திருந்தாள். ஏணியின் உச்சியில் நின்ற ரசூல் பாய் கையை விரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு பதினோரு நாளைக்கு ஒரு தடவைதான்.

புரட்டாசியில் முடிவு வந்தது. கனிக்குக் கிடைத்துவிட்டது. தெருவில் கோட்டையம்மாள்தான் முதலில் சர்க்கரை கொடுத்தாள், தவமணி இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள். சீனிராஜ் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னான். ஐப்பசியில் பணியிடம் தேர்ந்தெடுக்கச் சென்னைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நீளமான ஹாலில் நாற்காலி வரிசையில், அவளுக்கு அடுத்து ஒரு பெண், அவளைப்போலவே ஃபைலை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் அமலோற்பவம், கடற்கரைப் பக்கத்து ஊர், கல்யாணமாகி எட்டு வருஷம். பேச்சு எப்படியோ கணக்குக்கு வந்தது.

"அந்த ஓட்டைத் தொட்டிக் கணக்கு போட்டீங்களாக்கா?" என்று அமலோற்பவம் கேட்டாள். "நான் இருவதுன்னு தப்பாப் போட்டுட்டேன். ஆனா அந்தப் பரீட்சையை மறக்க முடியாது. அன்னைக்கு எங்க தெருவுல திடீர்னு தண்ணி வந்துச்சு. மூணு வாரமா காஞ்சு கெடந்த தொட்டி. யாரு ஏத்தினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

கனி ஃபைலை இறுக்கிப் பிடித்தாள். "எத்தனை மணிக்கு?"

"பத்து மணி இருக்கும்னாங்க. மறுநாள் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் வரவேயில்ல."

எங்கேயோ போனது எங்கேயோ வந்திருக்கிறது. யாருடையதை யார் கொடுத்தார்கள், அதற்கு முன்னால் இரண்டு மாதம் தங்கள் தொட்டிக்கு வந்தது எந்தத் தெருவிலிருந்து இறங்கியது, அங்கே யார் துணியோடு நின்றார்கள் என்று கனி நினைத்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடி கிடைக்கவில்லை. சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். சொல்ல முதல் வரி எது என்று தெரியவில்லை.

"எங்க மாமியாரு ஒடம்புக்கு முடியாம படுக்கையில இருந்தாங்க," என்று அமலோற்பவம் சொல்லிக்கொண்டே போனாள். "ஈரத்துணியால தொடச்சித் தொடச்சித்தான் விட்டுட்டு இருந்தோம். அன்னைக்குத்தான் நாற்காலியில உக்கார வச்சு, மூணு குடம் ஊத்திக் குளிக்க வச்சோம். ஆடியில தவறிட்டாங்க."

உள்ளேயிருந்து சண்முகக்கனி என்று பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள், இரண்டு அடி நடந்தாள், திரும்பி வந்து அமலோற்பவத்தின் முன்னால் குனிந்தாள்.

"நல்லாக் குளிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லாக் குளிச்சாங்கக்கா," என்றாள் அமலோற்பவம். "போதும்னு அவுங்களே சொன்னாங்க."

மறுபடியும் பெயரைக் கூப்பிட்டார்கள். கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.